ஒற்றைக் காதுத் தொப்பி

கதவில் ‘ஆட்கள் தேவை’ என்று எழுதி ஒட்டி
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
உப்புக்காற்று முதலில் ‘தேவை’யைத் தின்றது.
ஆட்கள் என்ற சொல் மட்டும் மிச்சம்.
உள்ளே அதுவும் இல்லை.

க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் என் மீன் ஆலை.
வெட்டுமேசையில் பன்னிரண்டு இடம்,
நிற்பவர் ஏழு பேர்.
காட் மீன் வந்து குவிந்தபடி இருந்தது.
கடலுக்கு ஆள் பஞ்சம் தெரியாது.

விளம்பரம் கொடுத்தேன்.
மணிக்கு நான்கு குரோனர் கூட்டினேன்.
தோர்ஸ்ஹாவ்னிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து
‘நலம்’ என்று சுவரில் படம் ஒட்டினார்,
கூடை நிறைய ஆப்பிள் வைக்கச் சொன்னார்.
செதில் ஒட்டிய கையுறையோடு
யார் ஆப்பிள் தின்பார்கள்?
வெள்ளிதோறும் அவற்றை என் ஆடுகள் தின்றன.
தீவிலேயே நலமான ஆடுகள்.

அக்டோபரில் துரிதா போனாள்,
பதினொரு வருடம் ஆறாம் இடத்தில் நின்றவள்.
பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்க.
குறைந்த சம்பளத்துக்கு.
குறைந்த சம்பளத்துக்கு என்று
கடலடிச் சுரங்கப்பாதை நெடுகச் சொல்லிப் பார்த்தேன்,
வண்டியில் தனியாக.
விலகல் படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில்
ஒரே சொல் எழுதியிருந்தாள்:
காது.
ஏதோ நோய் என்று கோப்பில் போட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு திங்கள்.
பார்டுருக்குக் காய்ச்சல், மரினோவின் மகளுக்கும்.
மேசையில் நான்கு பேர். வெளியே லாரி உறுமியது.
ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நானே
ஆறாம் இடத்தில் நின்றேன்.

முதல் அரைமணி கத்தி என் பேச்சைக் கேட்கவில்லை.
பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்தது,
சரக்குக் கதவு மேலேறியது,
வடகடல் முழுவதும் ஓர் ஊசியாகி
என் வலது காதில் இறங்கியது.
கதவு மூடியது. நான்கு நிமிடம்.
மீண்டும் திறந்தது.
எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நினைவு வந்தது அந்தத் தொப்பி.
சாம்பல் கம்பளியில் அவளே பின்னியது,
வலப்பக்கம் மட்டும் காதை மூடும் மடல்.
கிறிஸ்துமஸ் விருந்தில் நான்தான் கேட்டேன்:
‘நூல் தீர்ந்துவிட்டதா துரிதா?’
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும்.
பதினொரு வருடமாக என்னிடம்
அவள் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்,
தலையில் அணிந்து.

கதவுக்குத் தடித்த பிளாஸ்டிக் பட்டைத்திரை.
விலை, ஒரு மாத விளம்பரத்தைவிடக் குறைவு.
அந்த ரசீதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒவ்வோர் இடத்திலும் ஒருநாள் நின்றேன்.
மூன்றில் மேசை இரண்டு விரல் தாழ்வு,
என் இடுப்பு சொன்னது.
ஒன்பதில் விளக்கு கண்ணைக் குத்தியது.
மற்றவற்றை மனிதர்கள் சொன்னார்கள்,
முதலில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, மெதுவாக.
‘அடுத்த வார முறைப்பட்டியல் ஞாயிறு இரவு வந்தால்
பிள்ளையை யாரிடம் விடுவது?’ என்றான் மரினோ.
இப்போது மூன்று வாரம் முன்னதாகவே ஒட்டுகிறேன்.
மறந்தால், ரன்வா என் மேசையில்
வெற்றுத்தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போவாள்.
பேசமாட்டாள்.

பார்டுர் தன் மைத்துனியைக் கூட்டி வந்தான்.
மரினோ யாருக்கோ போன் செய்தான், இருவர் வந்தார்கள்.
விளம்பரம் பார்த்து வந்தவர் எவருமில்லை.
பத்துப் பேர் ஆகியிருக்கிறோம்.
ஐந்தாம் இடமும் ஆறாம் இடமும் காலி.

மார்ச்சில் துரிதா வந்தாள்,
பள்ளி சூப்புக்கு மீன் வாங்க.
பணம் கொடுத்த பிறகும் போகவில்லை.
ஆறாம் இடத்துக்குப் போய்
வெறுந்தலையோடு நின்றாள்.
ஃபோர்க்லிஃப்டுக்காகக் காத்திருக்கிறாள் என்பது
எனக்குப் புரியச் சற்று நேரமானது.

கதவு ஏறியது. பட்டைகள் அசைந்தன, அடங்கின.
‘இதற்கா பதினொரு வருடம்?’ என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.
திரும்பி வருகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

‘ஜூனில் பள்ளி முடிகிறது’ என்றாள் போகிறபோக்கில்,
நாளை மூடுபனி இருக்கும்
என்று சொல்வதுபோல.